மெக்காலே பேசாத பேச்சு

கல்வியைப் பற்றிய பேச்சுப் போட்டி எதுவாயினும், மேடையேறும் மாணவர்களுள் எவரேனும் ஒருவர் மெக்காலேயை உடன் அழைத்து வராமல் இருப்பதில்லை. "1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பிரபு ஆற்றிய உரை" என்னும் முன்னுரையோடு அது தொடங்கும். இந்தியாவின் நீள அகலங்களையெல்லாம் அவர் சுற்றி வந்தாராம். ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ கண்டாரில்லையாம். இந்நாட்டின் முதுகெலும்பாகிய ஆன்மிக மரபை முறித்தாலன்றி இதனை வெல்ல இயலாதாம். ஆகவே பழைய கல்வி முறையை மாற்றியாக வேண்டுமாம். உரை முடியும்; அவை கைதட்டும்; நடுவர்களும் மகிழ்ந்து மதிப்பெண் இடுவர். முன்பு மின்னஞ்சல்களில் கைமாறிய இம்மேற்கோள், பின்னர்ப் பழைய அச்சுத்தாள் போன்ற படமாக உருக்கொண்டு கைப்பேசிதோறும் உலவி வருகிறது.

அந்த உரையை மெக்காலே நிகழ்த்தவில்லை.

மெக்காலேயைக் காப்பாற்றுவது நம் நோக்கமன்று. அவருக்காக வாதாட நமக்கு எந்தக் கடப்பாடும் இல்லை. எனினும் மாணவர்களுக்கு இணையவழி ஆய்வைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் நாம் இந்த ஒரு மேற்கோளையே எடுத்துக்கொள்கிறோம். காரணம் எளியது. பொய்யை ஊர்தோறும் கொண்டு சேர்த்த அதே இணையத்தில்தான் அதனை உடைக்கத் தேவையான ஆவணங்கள் அனைத்தும் காசு பணமின்றிக் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் இச்செய்தியைச் சரிபார்க்க விரும்பிய ஒருவர் பெருநூலகம் ஒன்றின் வாயிலில் அனுமதிச் சீட்டோடு காத்திருந்திருப்பார். இன்று ஒரு பிற்பகல் போதும். ஆயினும் அந்தப் பிற்பகலை எவரும் செலவிடுவதில்லை என்பதுதான் நம் வருத்தம். "இணையத்தை நம்பாதே" என்று மாணவர்க்கு அறிவுறுத்துவது எளிது. அதனால் பயனேதும் விளைவதில்லை. எங்கே தேடுவது, தேடியதை எதனோடு வைத்துப் பார்ப்பது என்பதைக் கைபிடித்துக் காட்டவேண்டும்.

முதலில் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். "மெக்காலே பிரபு" என்கிறது அந்தப் படம். தாமஸ் பேபிங்டன் மெக்காலேவுக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது 1857இல். 1835இல் அவர் வெறும் திருவாளர் மெக்காலே. பிற்காலத்தார் பட்டத்தை முன்தேதியிட்டு எழுதுவது உலக வழக்கமே. நாமும் அவ்வாறு எழுதுவதுண்டு. ஆதலால் இது ஒன்றே பொய்க்குச் சான்றாகாது. ஆனால் தன்னை 1835இன் ஆவணமாகக் காட்டிக்கொள்ளும் ஒரு தாளில் 1857இன் பட்டம் அமர்ந்திருந்தால், அந்தத் தாள் பின்னால் எழுதப்பட்டது என்ற ஐயம் எழத்தான் வேண்டும். கல்வெட்டில் மன்னனின் பட்டப்பெயரைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் பழக்கம் உடையவர்களுக்கு இது புதிதன்று.

அடுத்தது இடம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்கள் "ஹான்சார்ட்" என்னும் பெயரில் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. 1803 முதலான தொகுதிகள் இணையத்தில் நாள்வாரியாகத் திறந்து கிடக்கின்றன. 1835 பிப்ரவரி 2ஆம் நாளைத் தேடும் மாணவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. மெக்காலேயின் உரை இல்லை என்பது மட்டுமன்று. அன்று நாடாளுமன்றமே கூடவில்லை. அவ்வாண்டு சனவரியில்தான் பொதுத்தேர்தல் நடந்தது. புதிய நாடாளுமன்றம் பிப்ரவரி 19ஆம் நாள் கூடி, அவைத்தலைவர் தேர்தலில் கடும்போட்டியோடு தன் பணியைத் தொடங்கிற்று. மூன்றாம் வரிசையின் 26ஆம் தொகுதி அந்த நாளில்தான் தொடங்குகிறது. நாடாளுமன்றத்தின் பழைய கட்டடமோ 1834 அக்டோபர் 16ஆம் நாள் இரவில் தீக்கிரையாகி, பெரும்பகுதி சாம்பலாகிக் கிடந்தது. ஆளில்லாத, எரிந்துபோன அவையில் மெக்காலே பேசினார் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

சரி, மெக்காலே அன்று எங்கிருந்தார்? இதற்கு அவருடைய மருமகன், அதாவது தங்கை மகன், ஜார்ஜ் ஆட்டோ டிரெவெல்யன் எழுதி 1876இல் வெளிவந்த வரலாற்றையும் கடிதத் தொகுப்பையும் புரட்டினால் போதும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட நூலாதலால் இணைய ஆவணக் காப்பகத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் தலைமை ஆளுநரின் அவையில் சட்ட உறுப்பினர் என்னும் புதிய பதவியை உருவாக்கியது. அப்பதவியை ஏற்று 1834 சூன் 10ஆம் நாள் மெக்காலே நம் சென்னையில் வந்திறங்கினார். தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் அப்போது உதகையில் இருந்தமையால் ஆர்க்காடு, பெங்களூர், சீரங்கப்பட்டணம், மைசூர் வழியாகப் பல்லக்கில் உதகைக்குச் சென்றார். ஏறத்தாழ நானூறு மைல். நடந்தவை பல்லக்குத் தூக்கிகளின் கால்கள். மழைக்காலம் முழுவதும் மலையில் கழித்துவிட்டுக் கடல்வழியே கல்கத்தாவை அடைந்தார். 1838இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பினார். இடையில் ஒருமுறையும் தாயகம் சென்றாரில்லை. செல்லவும் இயலாது, பாய்மரக் கப்பலில் ஒருவழிப் பயணத்துக்கே ஏறத்தாழ நான்கு திங்கள் பிடித்த காலம் அது.

டிரெவெல்யனின் நூலில் ஒரு கடிதம் உண்டு. நண்பர் எல்லிஸுக்கு மெக்காலே எழுதியது. இடம் கல்கத்தா, நாள் 1835 பிப்ரவரி 8. தாம் லண்டன் நாடாளுமன்றத்தில் முழங்கியதாகச் சொல்லப்படும் நாளுக்கு ஆறே நாள் பின்! அக்கடிதத்தில் அரசியல் முழக்கம் ஏதுமில்லை. இங்கிலாந்தில் இருந்த தங்கை மார்கரெட்டின் மரணச் செய்தி அண்மையில்தான் கடல் கடந்து வந்திருந்தது. உடனிருந்த மற்றொரு தங்கை ஹன்னாவுக்கு 1834 டிசம்பரில் மணமாகியிருந்தது. துயரத்தில் அமிழ்ந்து கிடந்த அம்மனிதர் கிரேக்க நூல்களைப் படித்து மனத்தை ஆற்றிக்கொள்ள முயல்வதை அக்கடிதத்தில் காண்கிறோம். பொய் மேற்கோளைத் துரத்திச் சென்ற மாணவர் எதிர்பாராத இடத்தில் உயிருள்ள ஒரு மனிதரைச் சந்தித்துவிடுகிறார். இத்தகைய சந்திப்புகளுக்காகவே வரலாற்றைப் படிக்கலாம் என்பது நம் துணிபு.

இந்தியாவின் நீள அகலங்களைக் கண்டார் என்பதற்கு வருவோம். பிப்ரவரி 1835 வரை அவர் கண்டது சென்னையும், உதகைக்குச் சென்ற வழியும், கல்கத்தாவும். பிச்சைக்காரனே இல்லையாம்; அவர் வந்திறங்கிய சென்னை மாகாணம் 1832–33ஆம் ஆண்டுகளில் குண்டூர்ப் பஞ்சத்தில் மக்களைப் பறிகொடுத்து எழுந்திருந்தது. திருடனே இல்லையாம், அவர் உறுப்பினராக அமர்ந்திருந்த அதே அரசுதான் வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒடுக்கும் பணியை ஸ்லீமனிடம் ஒப்படைத்திருந்தது. நம்மைப் புகழ்வதாகத் தோன்றும் சொற்கள் என்பதால் இவற்றை நாம் சோதிக்க மறந்துவிடுகிறோம். இகழ்ச்சியைக் காட்டிலும் புகழ்ச்சியைத்தான் கூடுதல் ஐயத்தோடு படிக்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு. சொல்லும் நமக்கும் அது எளிதன்று.

இனி மொழி. அம்மேற்கோளின் ஆங்கிலத்தில் "கல்ச்சுரல் ஹெரிடேஜ்" என்னும் தொடர் வருகிறது. இன்று அரசாணைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் மலிந்து கிடக்கும் தொடர். "கல்ச்சுரல்" என்னும் பெயரடையே ஆங்கிலத்தில் பண்பாடு சார்ந்த பொருளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழங்கத் தொடங்கியது. மெக்காலேயின் உண்மையான உரைநடையில் ஒரு பத்தியையேனும் படித்தவர், இந்தத் தட்டையான ஆங்கிலத்தை அவருடையது என்று கொள்ளமாட்டார். சங்கப் பாடல் என்று சொல்லி ஒருவர் இருபதாம் நூற்றாண்டுச் சொல்லைக் கலந்து நீட்டினால் தமிழ் படித்த மாணவர் உடனே பிடித்துவிடுவார் அல்லவா? அதே செவியை ஆங்கிலத்துக்கும் பழக்கவேண்டும்.

"ஆயிரம் தளங்களில் இருக்கிறதே, ஆயிரமும் பொய்யா?" என்று ஒரு கேள்வி தவறாமல் எழும். கூகிளாண்டவரிடம் வரம் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு எண்ணிக்கையே சான்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இவ்விடத்தில் நாம் உ.வே.சாமிநாதையரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டிச் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த அப்பெரியார், ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். ஏட்டுச்சுவடி பயின்றோர் அறிந்த அடிப்படை ஒன்றுண்டு. ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய பத்து ஏடுகள் பத்துச் சாட்சிகள் ஆகா. அவை ஒரே சாட்சியின் பத்துக் குரல்கள். மூல ஏட்டில் பிழையிருந்தால் பத்திலும் அதே பிழை இருக்கும். மெக்காலே மேற்கோள் காணப்படும் தளங்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே தலைப்பு, ஒரே சொற்கள், ஒரே தேதி. அச்சு நூல்களிலும் அவ்வாறே: ஒருவர் மற்றவரைச் சுட்டுவார், மற்றவர் இன்னொருவரைச் சுட்டுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான நூலொன்றிலிருந்து இதனை எடுத்துக்காட்டியவர் எவருமில்லை.

ஆனால் தேதி மட்டும் மெய்யானது. பொய்க்கு ஓர் உண்மையின் சட்டையை அணிவித்திருக்கிறார்கள். 1835 பிப்ரவரி 2 என்பது கல்கத்தாவில் மெக்காலே தம் கல்விக் குறிப்பில் கையெழுத்திட்ட நாள். அது பேச்சன்று, தலைமை ஆளுநரின் அவைக்கு எழுதியளித்த அலுவலகக் குறிப்பு. அரசுக் கல்வித்துறை 1920இல் வெளியிட்ட, ஷார்ப் தொகுத்த கல்வி ஆவணத் தொகுதியின் முதற்பகுதியில் அது முழுமையாக இடம்பெற்றிருக்கிறது. பத்துப் பக்கமளவே. இணையத்தில் பல இடங்களில் கிடைக்கிறது. பொய் மேற்கோளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களுள் இப்பத்துப் பக்கத்தைப் படித்தவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

படித்தால் தெரியவரும்: அக்குறிப்பு ஒரு சட்டத்தின் சொல்லுக்குப் பொருள் காணும் வாதத்தோடு தொடங்குகிறது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இலக்கியத்தை மீட்டெடுக்கவும் வளர்க்கவும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வழி செய்திருந்தது. எந்த இலக்கியம்? வடமொழி, அரபு இலக்கியங்களே என்றனர் கீழைக்கல்வி ஆதரவாளர். ஆங்கில இலக்கியமும் அச்சொல்லில் அடங்கும் என்றார் மெக்காலே. தமக்கு வடமொழியோ அரபியோ தெரியாது என்று தாமே எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அடுக்குக்கு இந்தியாவும் அரேபியாவும் படைத்த இலக்கியம் அத்தனையும் ஈடாகாது என்னும் கருத்தையும் எழுதினார். நிறத்தாலும் குருதியாலும் இந்தியராய், சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராய் ஒரு வகுப்பை உருவாக்கவேண்டும் என்பதும் அதில்தான் உள்ளது. தம் கருத்து ஏற்கப்படாவிடில் கல்விக் குழுவின் தலைமையிலிருந்து விலகுவதாக இறுதியில் எச்சரிக்கையும் விடுத்தார். மார்ச் 7ஆம் நாள் பெண்டிங்க் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று ஆயிற்று. கீழைக்கல்விக் கழகங்கள் மூடப்படவில்லை எனினும், அவற்றில் புதிதாய்ச் சேரும் மாணவர்க்கு உதவித்தொகையும் கீழைநூல்களை அச்சிடும் செலவும் நிறுத்தப்பட்டன.

இவ்வளவு வெளிப்படையான மெய்யான ஆவணம் இருக்கையில் பொய்யான ஒன்று எதற்கு? இதனைத்தான் நாம் மாணவர்கள் முன் வைக்கிறோம். பொய் மேற்கோளில் வரும் மெக்காலே நம் பெருமையை அறிந்தவர். அறிந்து, அஞ்சி, சதி செய்கிறவர். மெய்யான மெக்காலே நம்மை அறியாதவர். அறிய வேண்டிய தேவையும் இல்லை என்று கருதியவர். அவர் சதி செய்யவில்லை. நன்மை செய்வதாகவே நம்பினார். 1833 சூலை 10ஆம் நாள் காமன்ஸ் சபையில் அவர் மெய்யாகவே ஆற்றிய இந்திய ஆட்சி பற்றிய உரை ஹான்சார்டில் உள்ளது. ஐரோப்பிய அறிவைப் பெற்ற இந்தியர் ஒருநாள் ஐரோப்பிய ஆட்சிமுறைகளைக் கோரக்கூடும், அந்நாளே ஆங்கில வரலாற்றின் பெருமைமிகு நாள் என்று அவ்வுரையில் கூறுகிறார். அதே மனிதர் 1836 அக்டோபரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் கல்வித் திட்டம் தொடர்ந்தால் முப்பது ஆண்டுகளில் வங்காளத்து மேல்வகுப்பாரிடையே உருவ வழிபாடே இராது என்று கணிக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு, நல்லெண்ணத்தோடு வரும் ஆதிக்கம் எத்தகையது என்று சிந்திக்க இடம் கிடைக்கிறது. நாடகத்து வில்லனிடமிருந்து அந்தச் சிந்தனை பிறவாது. அதோடு, எதிர்வாதம் செய்வோர் பொய் மேற்கோள் ஒன்றைச் சுட்டிக்காட்டியே மெய்யான குறையையும் தள்ளிவிடுகின்றனர். இழப்பு நமக்குத்தான்.

பழைய பள்ளிகளைப் பற்றியே பேச விரும்பும் மாணவர்க்கு மெக்காலே தேவையில்லை. நம் மாகாணத்து ஆளுநர் தாமஸ் மன்றோ இருக்கிறார். 1822இல் அவர் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826 மார்ச் 10ஆம் நாளிட்ட அவருடைய குறிப்பின்படி, 1,28,50,941 பேர் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். வீட்டில் கற்போரையும் சேர்த்தால் பள்ளி வயதுச் சிறுவருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் கல்வி பெற்றதாக அவர் மதிப்பிட்டார். ஆட்சியர்கள் சாதிவாரியாகவும் எண்ணிக்கை தந்துள்ளனர். தமிழ் மாவட்டங்களில் பார்ப்பனரல்லாத மாணவரே மிகுதி. மறுபுறம், மொத்த மாணாக்கருள் சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. பழைய காலம் பொற்காலம் என்பாருக்கும் இருட்காலம் என்பாருக்கும் இந்த அட்டவணை ஒருங்கே இடையூறு செய்கிறது. அதுவே அதன் நம்பகத்தன்மையைக் காட்டுகிறது என்போம். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இக்கணக்குகள் மாவட்டவாரியாக உள்ளன.

அந்நூலுக்குத் தலைப்பாய் அமைந்த 'அழகிய மரம்' என்னும் உவமை காந்தியடிகளுடையது. 1931 அக்டோபர் 20ஆம் நாள் லண்டன் சாத்தம் ஹவுஸில் பேசுகையில், ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இந்தியா இப்போது எழுத்தறிவில் பின்தங்கிவிட்டது என்று அவர் சொன்னார். டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயிருந்த பிலிப் ஹார்டாக் இதற்குச் சான்று என்ன என்று கேட்டார். காந்தி சினங்கொள்ளவில்லை; தாம் ஆதாரமாகக் கொண்ட யங் இந்தியா கட்டுரைகளை அனுப்பினார். ஹார்டாக் நிறைவடையவில்லை. இதற்குள் காந்தி எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தும் எழுதினார்: தம் கூற்றை நிறுவ இயலாவிடில், முன்பு அதற்குக் கிடைத்த விளம்பரத்துக்குக் குறையாமல் அதைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறுவதாக வாக்களித்தார். பேராசிரியர் கே.டி.ஷாவிடம் பொறுப்பை ஒப்படைக்க, அவரும் நெடிய கடிதமொன்றை ஹார்டாக்குக்கு எழுதினார். இருவரும் இறுதிவரை உடன்படவில்லை. கடிதங்கள் தரம்பாலின் நூலில் பின்னிணைப்பாக உள்ளன. சான்று கேட்பதை அவமதிப்பாகக் கருதும் இக்காலத்தில், வகுப்பறையில் உரக்கப் படிக்கத்தக்க கடிதங்கள் இவை.

விக்கிப்பீடியாவை மாணவர் தொடவே கூடாது என்னும் ஆசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அதை வாசற்படியாகக் கொள்ளலாம். படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது. கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளையும், கட்டுரைக்குப் பின்னால் நடக்கும் உரையாடலையும், எவர் எப்போது எதைத் திருத்தினர் என்னும் வரலாற்றையும் பார்க்கப் பழக்கினால் அதுவே பெரிய பாடம். அண்மையில் கேட்டவுடன் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு சான்று காட்டவும் அவற்றுக்குக் கூச்சமில்லை. அவற்றுக்கும் கேள்வி அதேதான்: அந்த நூல் எங்கே, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாமா? தமிழ் தொடர்பான பொருளுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் திட்டம் என நம்மவர் உழைப்பில் விளைந்த களஞ்சியங்கள் இருக்கின்றன. தேடுபொறியின் முதற்பக்கத்தில் இவை பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. பெயர் சொல்லித்தான் அழைக்கவேண்டும்.

மெக்காலேயின் குறிப்பைத் தேடி ஷார்ப்பின் தொகுதிக்குள் நுழையும் மாணவர், அதை முடித்தவுடன் மூடிவிடாமல் இன்னும் சில பக்கங்கள் புரட்டட்டும். 1835 பிப்ரவரி 15ஆம் நாளிட்ட பிரின்செப்பின் மறுப்புக் குறிப்பு அங்கே இருக்கிறது. 1813இன் சட்டம் "மீட்டெடுக்க" என்று சொல்லும்போது, இந்நாட்டில் முன்பே இருந்த இலக்கியத்தையன்றி வேறு எதைச் சொல்லும் என்பது அவர் வாதம். அதன் ஓரங்களில் மெக்காலே தம் கைப்பட எழுதிய எதிர்ப்புகளையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள்.